அவரிடம் எத்தனை ஆண்டுச் செலவு இருக்கிறது?

கேள்வி:

எனக்கு 46 வயது. நானும் கணவரும் மாதச் சம்பளக்காரர்கள். இருபது ஆண்டுகளாக எடுத்துவைத்ததில், நாளை இருவருக்கும் வேலை போனாலும் இரண்டு ஆண்டு குடும்பம் நடத்தும் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூன்று மாதம் முன்பு, பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்டினான். "உலகின் முதல் பணக்காரரிடம் 342 பில்லியன் டாலர். உலகில் 8 பில்லியன் பேர். பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு 42 மில்லியன் டாலர். ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார்?" என்று அதில் இருந்தது. "நிஜமாம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் காகிதச் சொத்து, கையில் ஒன்றும் இருக்காது" என்று கணவர் முடித்துவிட்டார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒருவருக்கு ஒரே நாளில் ஏறுகிற சொத்து என் பரம்பரைக்கே வராது என்றால் நான் எதற்கு இப்படிக் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும்? இரண்டு மாதமாகச் சேமிப்பில் பணம் போடவில்லை. கணவரோ, கோடீசுவரர்களின் பழக்கவழக்கங்களைக் கற்றுத்தரும் பயிற்சி ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். இந்தத் தொகைகளை எப்படித்தான் புரிந்துகொள்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனின், நம் தம்பியின், கேள்வியை முடித்துவிடுவோம், அது சுலபம். 342 பில்லியனை 8 பில்லியனால் வகுத்தால் வருவது 42 சொச்சம். வெறும் 42. இரண்டு பக்கமும் பில்லியன் இருப்பதால் அது அடிபட்டுப் போகிறது. அந்தச் செய்தியை எழுதியவர் அடித்த பில்லியனுக்கு ஆறுதலாக ஒரு மில்லியனை ஒட்டவைத்துவிட்டார். ஆளுக்கு 42 டாலர், அதுவும் ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு அவரிடம் ஒன்றும் இருக்காது.

இதை நம்பியதற்காகத் தம்பி வெட்கப்பட வேண்டாம். 2020 மார்ச்சில் இதே பிழை அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சி ஒன்றில் நேரலையாகவே நடந்தது. அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட மைக்கேல் புளூம்பெர்க் விளம்பரத்துக்கு 50 கோடி டாலர் செலவழித்தார், நாட்டின் மக்கள்தொகை 32.7 கோடி, ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்திருக்கலாமே என்று யாரோ போட்ட பதிவை நிகழ்ச்சியில் எடுத்துப் பேசினார்கள். நெறியாளரும் ஆமோதித்தார், கூட இருந்த பத்திரிகையாளரும் ஆமோதித்தார். சரியான விடை ஆளுக்கு ஒன்றரை டாலர். செய்தியே தொழிலாக இருப்பவர்களுக்கு அந்த நிலைமை.

காரணம் என்னவென்றால், பெரிய எண்களை நாம் அளவாகப் பார்ப்பதில்லை, படிக்கட்டு மாதிரி வரிசையாகப் பார்க்கிறோம். ஆயிரம், மில்லியன், பில்லியன், டிரில்லியன் என்று சொல்லும்போது ஒவ்வொன்றும் ஒரு படி உயரம்தான் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு முனையில் ஆயிரமும் மறுமுனையில் பில்லியனும் குறித்த ஒரு கோட்டை அமெரிக்கர்களிடம் கொடுத்து, மில்லியன் எங்கே வரும் என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் நடுவில் வைத்தார்கள். அந்தக் கோடு ஒரு மீட்டர் நீளம் என்று வையுங்கள். மில்லியனுக்கு, அதாவது பத்து லட்சத்துக்கு, உரிய இடம் இடது முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டர். ஒரு கோடி ஒரு சென்டிமீட்டரில் வந்துவிடும். மீதி 99 சென்டிமீட்டர் முழுக்க 'கோடிகள்'. பில்லியன் என்பது நம் கணக்கில் நூறு கோடி என்று தெரிந்தவர்களுக்குக்கூட இந்தப் படத்தைப் பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சிதான்.

இதே அளவில் 342 பில்லியன் வேண்டுமென்றால் கோட்டை 342 மீட்டர் நீட்ட வேண்டும். தம்பியை அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், நாலைந்து நிமிடம் ஆகும். கிளம்பும் இடத்தில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டி, பத்து லட்சம் டாலர் சொத்து உள்ளவர் இங்கே நிற்கிறார் என்று சொல்லுங்கள். அவரையும் நாம் பணக்காரர் என்றுதான் சொல்கிறோம்.

சரி, நீளம் புரிந்துவிட்டது. அதனால் உங்களுக்கு என்ன பயன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மாதிரிப் படங்கள் வாயைப் பிளக்க வைக்கும், அதோடு சரி. நான் நிதி ஆலோசகர். என்னிடம் யார் வந்தாலும், அவர் கொண்டுவரும் தொகையை முதலில் ஆண்டாக மாற்றிவிடுவேன். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எத்தனை ஆண்டுச் செலவுக்கு வரும் என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல். நீங்கள் உங்கள் சேமிப்பைத் தொகையாகச் சொல்லாமல் 'இரண்டு ஆண்டு' என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கான அளவுகோலை நீங்களே கையில் வைத்திருக்கிறீர்கள், அதைத் தூக்கி அவர்கள் பக்கமும் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வைத்துப் பார்ப்போம். ஒரு குடும்பம் ஆண்டுக்கு 50,000 டாலர் செலவழிக்கிறது என்று ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பில்லியன் டாலர் அந்தக் குடும்பத்துக்கு 20,000 ஆண்டு வரும். போர்ப்ஸ் இதழின் 2025-ம் ஆண்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த, டெஸ்லா கார் கம்பெனியின் எலான் மஸ்கின் 342 பில்லியன், 68 லட்சம் ஆண்டு வரும். மனிதனும் சிம்பன்சியும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்தது ஏறத்தாழ அவ்வளவு காலத்துக்கு முன்புதான். அன்றிலிருந்து செலவழிக்க ஆரம்பித்திருந்தாலும் இப்போதுதான் தீர்ந்திருக்கும். அவர் நம்மைப் போலவா செலவழிப்பார் என்று கேட்பீர்கள். நூறு மடங்கு செலவழிக்கட்டும், ஆண்டுக்கு 50 லட்சம் டாலர். அப்போதும் 68,000 ஆண்டு.

நான் இதுவரை அசலை மட்டும்தான் கரைத்திருக்கிறேன். அசல் சும்மா இருக்காது. ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டும் வளர்ந்தால்கூட 342 பில்லியனுக்கு வருமானம் நிமிடத்துக்கு 26,000 டாலர். நம் உதாரணக் குடும்பத்தின் ஓர் ஆண்டுச் செலவு இரண்டே நிமிடத்தில் வந்துவிடும், அவர் தூங்கினாலும் வரும். இந்த உயரத்தில் செலவழித்துத் தீர்ப்பது என்ற பேச்சே கிடையாது. தீர்க்க வேண்டுமென்று உட்கார்ந்தால் அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும்.

இதைக் கொஞ்சம் திருப்பியும் பார்க்கலாம். உங்கள் இரண்டு ஆண்டுச் சேமிப்பில் ஒரு சதவீதம் என்பது ஒரு வாரக் குடும்பச் செலவு. 2013-ல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 25 கோடி டாலருக்கு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழை வாங்கினார். அப்போது அவருடைய சொத்து சுமார் 25 பில்லியன். அதாவது, உங்கள் வீட்டில் ஒரு வாரச் செலவுக்கு எடுக்கும் பங்கை எடுத்து அவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற நாளிதழ்களில் ஒன்றுக்கு உரிமையாளர் ஆனார். எனக்குப் பில்லியன் என்றால் என்ன என்று புரிய வைத்த கணக்குகளில் இதுதான் முதன்மை. படகு, விமானம், மாளிகை பற்றிய செய்திகளை நான் பெரும்பாலும் படிப்பதேயில்லை.

இப்போது உங்கள் கணவர் சொன்ன 'காகிதச் சொத்து' விஷயம். அதில் பாதி உண்மை இருக்கிறது. போர்ப்ஸ் 2025-ல் எண்ணிய 3,028 பில்லியனர்களின் மொத்தச் சொத்து 16.1 டிரில்லியன் டாலர் (டிரில்லியன் என்பது ஆயிரம் பில்லியன்). உலகில் புழக்கத்தில் இருக்கும் எல்லா டாலர் நோட்டுகளையும் சேர்த்தாலே சுமார் 2.3 டிரில்லியன்தான். ஆகவே பெட்டியில் பணம் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்ற படத்தை முதலிலேயே அழித்துவிட வேண்டும். இருப்பது பெரும்பாலும் கம்பெனிப் பங்குகள். பங்கின் இன்றைய விலையை அவர் கையிலுள்ள பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதுதான் அந்த 342. அவ்வளவையும் ஒரே நாளில் விற்கப் போனால் விலை சரியும், வாங்குவதற்கும் ஆள் இருக்காது. 'ஒரே நாளில் இத்தனை பில்லியன் சம்பாதித்தார்' என்று வரும் தலைப்புச் செய்திகள் எல்லாம் இந்தப் பெருக்கல்தான். மறுநாள் விலை இறங்கினால் 'இழந்தார்' என்று வரும்.

பாதி பொய் எங்கே என்றால், 'கையில் ஒன்றும் இருக்காது' என்ற இடத்தில். மஸ்கின் சொத்து 2021 நவம்பரில் போர்ப்ஸ் கணக்குப்படி 320 பில்லியன். 2023 ஜனவரியில் அது 138 பில்லியன். 182 பில்லியன் போயிற்று, இதைக் கின்னஸ் உலகச் சாதனையாகவே பதிவு செய்தார்கள். அதே விகிதத்தில் உங்களுக்கு இழப்பு வந்தால் இரண்டு ஆண்டுச் சேமிப்பு பத்து மாதமாகச் சுருங்கும். வீட்டில் எத்தனை முடிவுகள் மாறும் என்று உங்களுக்கே தெரியும்: மகனின் படிப்பு, மருத்துவம், பிடிக்காத வேலையில் இன்னும் எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது. அவருக்கு என்ன மாறியது? அந்தச் சரிவின் நடுவில்தான், 2022 அக்டோபரில், 44 பில்லியன் டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். அதில் ஒரு பகுதி கடன், ஒரு பகுதி மற்ற முதலீட்டாளர்கள் போட்டது, ஆனால் பெரும்பங்கு டெஸ்லா பங்குகளை விற்று அவரே கொண்டுவந்தது. மிச்சமிருந்த 138 பில்லியன், நம் உதாரணக் குடும்பத்துக்கு 27 லட்சம் ஆண்டுச் செலவு. 68 லட்சமானாலும் 27 லட்சமானாலும் வீட்டுக் கணக்கில் ஒன்றுதான்.

பங்கை விற்காமலேயே பணமாக்கும் வழியும் உண்டு. பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்குவார்கள். மஸ்க் தன் டெஸ்லா பங்குகளில் ஒரு பகுதியை இப்படி ஈடாக வைத்திருப்பது அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களிலேயே இருக்கிறது. பங்கை விற்றால் லாபத்துக்கு வரி, கடன் வாங்கினால் வரி கிடையாது, ஏனென்றால் கடன் வருமானம் ஆகாது. அமெரிக்கச் சட்டத்தில், உரிமையாளர் இறந்தால் வாரிசுக்குப் போகும் பங்கின் அடக்க விலை (வரிக் கணக்கில் வாங்கிய விலையாக எடுத்துக்கொள்வது) அன்றைய சந்தை விலையாக மாறிவிடுகிறது. அதுவரை ஏறிய லாபத்துக்கு வருமான வரி என்று ஒன்று வராமலே போய்விடும். இதனால்தான் பேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் ஆண்டுச் சம்பளமாக 1 டாலர் வாங்கிக்கொண்டிருக்க முடிகிறது. அதைத் தியாகம் என்று சிலாகித்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சம்பளத்துக்குத்தான் முதலில் வரி பிடிப்பார்கள் என்பது மாதச் சம்பளக்காரரான உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

அமெரிக்காவின் 25 பெரும் பணக்காரர்களின் வரிக் கணக்குகளை 2021-ல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் வெளியிட்டது. 2014 முதல் 2018 வரை அவர்களுடைய சொத்து 401 பில்லியன் டாலர் கூடியது, அந்தக் காலத்தில் அவர்கள் கட்டிய வருமான வரி 13.6 பில்லியன். 3.4 சதவீதம். சட்டத்தை மீறியதாக அவர்கள்மேல் குற்றச்சாட்டு இல்லை, சட்டமே அப்படி. சொத்து ஏறுவதை வருமானத்தோடு ஒப்பிடுவது நியாயமா என்று எதிர்த்து வாதிட்டவர்களும் உண்டு. விற்காத பங்கின் ஏற்றத்துக்கு யாருமே வரி கட்டுவதில்லை என்பது அவர்கள் வாதம். அது சரிதான். ஆனால் விற்காத பங்கை வைத்துத் தேவையான பணத்தையெல்லாம் திரட்ட முடிகிறது என்றால், 'இன்னும் கைக்கு வரவில்லை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குப் புரியவில்லை.

தம்பி கேட்டதன் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது, அதை 42 டாலர் என்று சொல்லி மூடிவிடக் கூடாது. பெரும் பணக்காரர்களின் பணம் உலகத்துக்கு ஏதாவது செய்யுமா? ஒரே ஒருவரின் சொத்தை எல்லோருக்கும் பிரித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த 3,028 பேரின் சொத்தையும் 820 கோடிப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 1,960 டாலர். நாளுக்கு 3 டாலருக்குக் கீழ் வாழ்பவர்களை உலக வங்கி அதிதீவிர வறுமையில் இருப்பவர்களாகக் கணக்கிடுகிறது. அந்தக் கோடு ஆண்டுக்கு 1,095 டாலர், நாடுகளின் விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டிய டாலர். அப்படி வாழ்பவர்கள் ஏறக்குறைய 80 கோடிப் பேர். அவர்களுக்கு 1,960 என்பது சின்னத் தொகை கிடையாது.

ஒரேயடியாகப் பிடுங்கிப் பிரிப்பதை யாரும் யோசனையாகவே முன்வைப்பதில்லை, அது நடக்காத காரியம். 2024-ல் ஜி20 நாடுகளுக்குப் பிரேசில் தலைமை வகித்தபோது பொருளியலாளர் கேப்ரியல் சக்மன் வேறொன்று சொன்னார்: பில்லியனர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்குத் தம் சொத்தில் குறைந்தது 2 சதவீதமாவது வரியாகக் கட்ட வேண்டும், ஏற்கெனவே கட்டும் வருமான வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். சுமார் 3,000 பேரிடமிருந்து ஆண்டுக்கு 200 முதல் 250 பில்லியன் டாலர் கிடைக்கும் என்பது அவர் மதிப்பீடு. அந்த 80 கோடிப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 250 முதல் 310 டாலர், ஒரு முறை மட்டும் இல்லை, ஆண்டுதோறும். ஆண்டுக்கு 4 சதவீதம் வளரும் சொத்தில் 2 சதவீதம் கொடுத்த பிறகும் அது வளர்ந்துகொண்டுதான் இருக்கும். சொத்தை எப்படி மதிப்பிடுவது, ஒரு நாடு வரி போட்டால் அவர்கள் அடுத்த நாட்டுக்குப் போய்விட மாட்டார்களா என்று எதிர்க்கேள்விகள் உண்டு, அவை நிஜமான சிக்கல்கள். ஆனால் கணக்கே வராது என்று யாராவது சொன்னால் தம்பி நம்ப வேண்டாம். கணக்கு வருகிறது, நடத்த முடியுமா என்பதில்தான் சண்டை.

தாமாகவே கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சுங்க வரியில்லாக் கடைகள் நடத்திய சக் ஃபீனி 8 பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்து, 2020-ல் தன் அறக்கட்டளையையே மூடிவிட்டார். தனக்கும் மனைவிக்கும் வைத்துக்கொண்டது சுமார் 20 லட்சம் டாலர். நாலாயிரத்தில் ஒரு பங்கு! கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் நம் அளவுகோலில் அது 40 ஆண்டுச் செலவு. பெசோஸின் முன்னாள் மனைவி மெக்கன்சி ஸ்காட் வேறு மாதிரி. 2019-ல் மணமுறிவின்போது அமேசானில் 4 சதவீதப் பங்கு அவருக்கு வந்தது. 2024 முடிவதற்குள் 19 பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்துவிட்டார், ஆனாலும் பட்டியலை விட்டு வெளியேறவில்லை. அவர் கொடுத்துவந்த காலத்தில் பங்கின் விலையும் ஏறியிருந்தது.

இனி உங்கள் விஷயம். என்னைக் கேட்டால் கடிதத்தில் அவசரமானது இதுதான்.

நாளுக்கு 1,000 டாலர், ஒரு காசு செலவழிக்காமல் சேமித்தால் ஒரு பில்லியன் சேர 2,740 ஆண்டு ஆகும். புத்தர் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து யாரும் அந்தப் பட்டியலுக்குப் போனதில்லை, போகவும் முடியாது. அவர்கள் ஒரு கம்பெனியில் பெரும்பங்கை வைத்திருந்தார்கள், சந்தை அந்தக் கம்பெனியின் மதிப்பைப் பல ஆயிரம் மடங்கு கூட்டியது. போர்ப்ஸ் 1987-ல் முதல்முறை உலகப் பட்டியல் போட்டபோது இருந்த 140 பேரின் மொத்தச் சொத்து 295 பில்லியன். இன்று ஒரே ஆளிடம் அதைவிட அதிகம். விலைவாசி உயர்வைக் கழித்தால் இந்த ஒப்பீடு கொஞ்சம் மட்டுப்படும் என்றாலும், திசை தெரிகிறது. இந்த ஏற்றத்துக்கும் உங்கள் சிக்கனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் தோற்ற ஓட்டப்பந்தயம் என்று இதை நினைக்கிறீர்கள். நீங்கள் அதில் ஓடவே இல்லை அம்மா.

உங்கள் கணக்கு எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு தோராய விதி உண்டு. வில்லியம் பெங்கன் என்ற ஆலோசகர் 1994-ல் அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால் 30 ஆண்டு தாங்கும் என்றார். புரட்டிப் போட்டால், 25 ஆண்டுச் செலவு கையில் வேண்டும். எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் அப்படியே பொருந்தாது, உங்களுக்கு ஓய்வூதியம் உண்டா, கடன் உண்டா என்பதைப் பொறுத்து மாறும். ஆனாலும் இலக்கு ஏறத்தாழ அங்கேதான். நீங்கள் இரண்டில் இருக்கிறீர்கள், போக வேண்டியது இருபத்தைந்துக்குப் பக்கத்தில். 68 லட்சம் இந்தக் கணக்கில் எங்குமே வராது. இரண்டிலிருந்து மூன்றாக்கும் ஓர் ஆண்டுச் செலவு உங்கள் வாழ்க்கையில் செய்யும் மாற்றத்தை, ஒரு பில்லியனருக்கு இன்னொரு நூறு பில்லியன் செய்யாது. ஓர் ஆலோசகராக நான் இதை வருபவர்களிடம் நேரிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓர் ஆண்டுச் செலவு கையில் இருப்பவர் மேலாளரிடம் பேசும் குரலே வேறாக இருக்கும்.

அவர்களின் சொத்து உங்களைப் பாதிக்கவே பாதிக்காது என்று நான் சொல்லவில்லை. செய்தித்தாள் யார் கையில், நாம் பேசும் தளம் யார் கையில், தேர்தலில் யார் பணம் ஓடுகிறது என்பதெல்லாம் உங்களையும் தொடும். அதைப் பற்றிக் கோபம் வந்தால் வரட்டும், நியாயமான கோபம். அதை வாக்குச்சாவடியில், விவாதத்தில், தம்பியோடு பேசும் பேச்சில் காட்டுங்கள். வங்கிக் கணக்கில் காட்டினால் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான். இரண்டு மாதம் விட்டது பரவாயில்லை, விட்ட தொகையைச் சேர்த்துப் போட வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். இந்த மாதத்திலிருந்து பழைய தொகையையே போடுங்கள், சம்பளம் வந்த அன்றே தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தத்தை ஆண்டுச் செலவால் வகுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். 2.0, 2.3, 2.7 என்று ஏறுவதைப் பார்ப்பது வாட்ஸ்அப் செய்தி படிப்பதைவிட நன்றாக இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். வாழ்க்கைச் செலவு ஏறினால், சேமிப்பு கூடியிருந்தாலும்கூட இந்த எண் இறங்கலாம். அதுவும் தெரிய வேண்டிய தகவல்தான்.

கடைசியாகக் கணவரின் பயிற்சி. முதலீட்டாலேயே பெரும் பணக்காரரான வாரன் பஃபெட் 11 வயதில் முதல் பங்கை வாங்கினார், 90 வயது தாண்டியும் முதலீட்டில் இருந்தார். அவருடைய சொத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் 60 வயதுக்குப் பிறகு சேர்ந்தது. இதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால், சீக்கிரம் ஆரம்பித்து நெடுங்காலம் கை வைக்காமல் விடுவது. அது உங்கள் வீட்டில் இருபது ஆண்டாக நடப்பதுதான். அதிகாலை எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது, வாரம் ஒரு புத்தகம் என்று வரும் பட்டியல்களில், அதே பழக்கங்களோடு சாதாரணமாக வாழும் லட்சக்கணக்கானவர்களை யாரும் எண்ணுவதில்லை. எழுவதால் கெடுதல் ஒன்றுமில்லை, எழட்டும். ஆனால் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. வகுப்பு இன்னும் தொடங்கவில்லை என்றால் ரசீதை எடுத்துப் பாருங்கள், முன்பணத்தைத் திருப்பித் தரும் விதியும் அதற்கான கடைசி நாளும் அதில் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசி விட்டுவிடாமல் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். திரும்ப வந்தால் அந்த மாதச் சேமிப்போடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.